புழு மருந்து கொடுத்தும் தேறாத மாடு: மலையகக் கொட்டிலுக்கு அறிகுறி வழிச் சோதனை

தாடை வீங்கிய கிடேரிக்கு ஒரு பூச்சிக் குளிசை. கழியும் கன்றுக்கும் அதே குளிசை. பால் குறைந்த பசுவுக்கும் அதுவே. இப்படிக் கொடுத்து வரும் கொட்டில்களில் மூன்று நான்கு வாரத்தில் பழைய தொல்லை திரும்பி வந்துவிடுகிறது. அந்த அறிகுறிகள் பலவற்றுக்குப் புழுவே காரணமாக இருப்பதில்லை. புழுதான் காரணம் என்றாலும், மாட்டின் வயிற்றில் இருப்பது மொத்தப் புழுவில் சிறு பங்கு. பெரும் பங்கு முட்டையாகவும், முட்டை பொரித்து வரும் இளம் புழுவான குடம்பியாகவும் சாணத்திலும் புல் அடியிலும் கிடக்கிறது. மருந்து வயிற்றைத் துடைக்கும், புல்லைத் துடைக்காது. மலைநாட்டின் மூடுபனியிலும் ஈரத்திலும் அந்தக் குடம்பிகள் கீழ்நாட்டில் இருப்பதை விட நெடுநாள் உயிரோடு இருக்கும். ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் "இது புழுவா?" என்று கேளுங்கள். ஆம் என்றால், "இந்தப் புழு எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள்.

மருந்து வாங்கப் போகுமுன்

பகல் வெளிச்சத்தில் மாட்டின் கீழ் இமையை விரலால் இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பு அல்லது அடர்ந்த இளஞ்சிவப்பு என்றால் இரத்தம் போதிய அளவு இருக்கிறது. வெளிறிய இளஞ்சிவப்பு எச்சரிக்கை. காகிதம் போல வெள்ளை என்றால் அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டிய நிலை. நிறத்தில் சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கொட்டிலின் நல்ல மாட்டின் இமையோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து நிறை. கண்ணால் பார்த்து நிறையைக் குறைத்துச் சொல்வதுதான் இந்த வேலையில் மிகப் பழைய பிழை. தையற்கார அளவு நாடா போதும். முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். பிறகு தோள் மூட்டின் முன் முனையிலிருந்து வால் அடிக்குப் பக்கத்திலுள்ள இடுப்பெலும்பு முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு வரும். சுற்றளவு 60, நீளம் 52 என்றால் 60 × 60 × 52 ÷ 660, ஏறத்தாழ 284 கிலோ. சுற்றளவு 36, நீளம் 32 உள்ள கன்று 63 கிலோ அளவில் இருக்கும். மாடு சம தரையில், தலை நிமிர்ந்து, நான்கு காலிலும் சரியாக நிற்கும்போது அளக்க வேண்டும். சரிவில் நிறுத்தி அளந்தால் கணக்குப் பிசகும்.

மூன்றாவது சாணச் சோதனை. பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டி, மலவாயிலிருந்து நேரடியாக ஒரு தேசிக்காய் அளவு சாணம் எடுங்கள். உறையை உள்வெளியாகத் திருப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி முடிச்சுப் போட்டு, மாட்டின் அடையாளத்தையும் வயதையும் எழுதுங்கள். ஈரத்துணி சுற்றி அன்றைக்கே அரச மிருக வைத்திய அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். காற்றும் சூடும் பட்டால் முட்டை ஓரிரு நாளில் பொரித்துவிடும், பிறகு எண்ண ஒன்றும் இராது. தரையில் விழுந்ததைத்தான் எடுக்க முடியும் என்றால், இப்போது விழுந்த சாணத்தின் மேற்பகுதியை மட்டும் எடுங்கள். மண் தொட்ட பகுதியில் மண்ணிலுள்ள புழுக்களும் சேர்ந்து ஆளை ஏமாற்றும். ஊர் அலுவலகத்தில் முடியாத சோதனைகளை வைத்தியர் கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப வழி உண்டு.

தாடைக்குக் கீழே வீக்கம், இமை வெளுப்பு

வீக்கத்தின் மேல் கட்டை விரலை வைத்து, பத்து எண்ணும் வரை அழுத்தி எடுங்கள். பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் குழி நின்றால் அது தேங்கிய நீர். கல் போல் கடினமாக, தொட்டால் சூடாக இருந்தால் அது கட்டி, புழுவோடு சம்பந்தம் இல்லை. நீர் வீக்கம் காலையில் சிறுத்தும், மேய்ந்து வந்த மாலையில் பெருத்தும் தெரியும். நாள் முழுக்கத் தலை குனிந்து மேய்வதால் நீர் தாடைக்கு இறங்குகிறது. காலையில் மட்டும் பார்த்துவிட்டு "வற்றிவிட்டது" என்று விட்டுவிட வேண்டாம்.

கன்று அல்லது கிடேரி, இமை வெளுப்பு, சாணம் ஏறக்குறைய வழக்கம்போல்: இரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழுவைச் சந்தேகியுங்கள். ஹீமொன்கஸ் என்ற இந்த உருண்டைப் புழு ஒன்று ஒரு நாளில் 0.05 மில்லிலீற்றர் அளவு இரத்தத்தை வீணாக்கும். ஒன்றுக்கு அது சொட்டிலும் சிறிது, 2,000 புழுவுக்கு நாளொன்றில் 100 மில்லிலீற்றர். கழிச்சல் இல்லை, ஆகவே புழு இல்லை என்று நினைத்துத்தான் பல கன்றுகள் இழக்கப்படுகின்றன. இந்தப் புழு பெரும்பாலும் கழிச்சல் தராது. சூடும் ஈரமும் சேர்ந்தால் பெருகும் இனம் என்பதால், உயரக் குளிரை விட பதுளை, பண்டாரவளை, கொத்மலைப் பக்கத்து மிதமான வெப்பம் இதற்கு ஏற்றது.

அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல், லெவாமிசோல் மூன்றும் இதைக் கொல்லும். மூன்றுக்கும் வாய்வழி அளவு கிலோவுக்கு 7.5 மில்லிகிராம். லெவாமிசோலில் மட்டும் அளவு கூடிவிடக் கூடாது. எச்சில் வடிந்து உடல் நடுங்கினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். இமை வெள்ளையாக இருக்கும் கன்றை மலை ஏற்றி இறக்கி ஓட்டாதீர்கள், மூச்சு வாங்கி விழுந்துவிடும். கொட்டிலிலேயே கட்டி, புல்லோடு புண்ணாக்கும் கொடுங்கள். இரத்தம் ஊறுவதற்குப் புரதம் வேண்டும், மருந்து புழுவை மட்டுமே எடுக்கும்.

வளர்ந்த மாடு, மெலிவு, நீர் வீக்கம், ஓடைக்கரையிலோ சதுப்பிலோ மேய்ச்சல்: ஈரல் தட்டைப்புழு. இதில் மருந்து மாறிப்போவது மிக அதிகம். ஐவர்மெக்டின் ஈரல் புழுவை ஒன்றும் செய்யாது. உருண்டைப் புழுவுக்குக் கொடுக்கும் அளவில் ஃபென்பெண்டசோலும் அப்படித்தான். அல்பெண்டசோல் என்றால் அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராமாக உயர வேண்டும், அதுவும் வளர்ந்த புழுவை மட்டும் கொல்லும். ஒக்சிக்ளோசனைட்டும் வளர்ந்த புழுவுக்கே. ஈரல் சதைக்குள் திரியும் இளம் புழு தப்பி, பித்தக் குழாய்க்கு வந்து வளரும் என்பதால் 8 முதல் 12 வாரம் கழித்து இன்னொரு தரம் கொடுக்கத் தேவைப்படலாம். இளம் புழுவையும் கொல்லும் ட்ரைக்ளாபெண்டசோல், பால் கறந்து விற்கும் பசுவுக்கு உரியதல்ல. சாணம் அனுப்பும்போது "ஈரல் புழு சந்தேகம்" என்று எழுதுங்கள். அதன் முட்டை கனமானது. வழக்கமான மிதவைச் சோதனையில் மேலே வராது, படிவுச் சோதனை வேண்டும்.

மேய்ச்சல் ஓரத்து நீரில் நத்தை தேடிப் பாருங்கள். ஈரல் புழுவைச் சுமக்கும் நத்தை சிறியது, ஓடு மெல்லியது, கூர்நுனிச் சுருள். நுனியை மேலே பிடித்து, வாயை உங்கள் பக்கம் திருப்பினால் வாய் வலப்பக்கம் இருக்கும். அதைக் கண்டால் அந்தக் கரையை வேலி கட்டி மறைத்து, தண்ணீரைப் பீலியிலிருந்து தொட்டிக்கு எடுங்கள். அந்த ஈரப் புல்லை அறுக்காமல் முடியாது என்றால் நீர்மட்டத்துக்கு நன்கு மேலே அறுத்து, நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். ஈரத்தில் மாதக் கணக்கில் இருக்கும் அந்தப் புழுக் கூடுகள் முழுக்கக் காய்ந்த புல்லில் செத்துவிடும்.

புழு அல்லாத இரண்டு. இமை வெளுப்போடு காய்ச்சலும், கோப்பி நிறத்தில் அல்லது சிவப்பாகச் சிறுநீரும் என்றால் உண்ணிக் காய்ச்சல், அன்றைக்கே வைத்தியர் வேண்டும். தாடையோடு மார்புச் சதையும் வீங்கி, கழுத்து நரம்பு விரல் தடிமனில் புடைத்து, மாடு இறக்கத்தில் கால் வைக்கத் தயங்கினால், விழுங்கிய கம்பியோ ஆணியோ இருதயப் பக்கம் குத்தியிருக்கலாம். ஏற்றத்தில் நடக்கும், இறக்கத்தில் நிற்கும். அந்தத் தயக்கத்தைக் கண்டால் புழு மருந்தைக் கீழே வைத்துவிடுங்கள்.

கழிச்சல்: முதலில் வயதைக் கேளுங்கள்

மூன்று வாரத்துக்கு உட்பட்ட கன்றின் கழிச்சலுக்குப் புல் புழு காரணமாக முடியாது. புல்லில் ஏறிய குடம்பி வயிற்றில் முட்டை இடும் புழுவாக வளரவே மூன்று வாரம் ஆகும். பால் அளவு, அழுக்கு வாளி, சீம்பால் பிந்தியது, தொற்று என்று தேடுங்கள். முதல் வேலை நீர் இழப்பைச் சரிக்கட்டுவது. வாய்வழி உப்புக் கரைசலைப் பால் வேளைகளுக்கு நடுவே, தடவைக்கு 2 லீற்றர் அளவில் கொடுங்கள். கண் குழிந்து, கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றால் கரைசல் போதாது, வைத்தியர் ஊசி வழியாக நீர் ஏற்ற வேண்டும்.

இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை, களிமண் நிறத்தில் நாற்றமடிக்கும் சாணம், வயிறு பெருத்துத் தோல் சொரசொரப்பு: கன்றின் பெரும் உருண்டைப் புழு. எருமைக் கன்றுகளில் மிகுதி, பசுக் கன்றிலும் வரும். வளர்ந்தால் ஒரு சாண் நீளத்துக்கும் மேலே, வெள்ளை நிறம். இது புல்லில் இருந்து வருவதில்லை. தாயின் உடலில் உறங்கும் குடம்பி, கன்று ஈன்ற முதல் நாட்களில் பால் வழியாகவே இறங்குகிறது. அதனால் சுத்தமான கொட்டிலில் பிறந்த கன்றுக்கும் வரும். கன்று 10 முதல் 16 நாள் வயதில் இருக்கும்போது ஒரே ஒரு தடவை பைரண்டல் அல்லது வைத்தியர் சொல்லும் வேறு மருந்தைக் கொடுத்தால், புழு முட்டை இடும் வயதுக்கு வருமுன் போய்விடும். பிறந்த மூன்றாம் நாளே கொடுத்தால் பின்னால் இறங்கும் குடம்பிகள் தப்பிவிடும். இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தால் அதற்குள் தரையெல்லாம் முட்டை. இந்த ஒரு வாரத்தைத் தவறவிடாமல் இருக்க, கன்று பிறந்த திகதியைக் கொட்டில் கம்பத்திலேயே எழுதி வையுங்கள்.

மூன்று வாரம் முதல் ஆறு மாதம் வரை, சாணத்தில் இரத்தமும் சளியும், முக்கி முக்கிக் கழித்தல்: இது கொக்சிடியா என்ற குடல் நுண்ணுயிரி, புழு அல்ல. எந்தப் புழு மருந்தும் இதைத் தொடாது. அம்ப்ரோலியம் அல்லது சல்ஃபா வகை மருந்தை வைத்தியர் எழுதுவார். நனைந்த படுக்கையும் நெருக்கமும்தான் இதன் வீடு. மழை மாதத்தில் கன்றுகளின் படுக்கையை உலர்வாக வைப்பது மருந்தில் பாதி வேலை.

நான்கு மாதத்துக்கு மேல், மேயத் தொடங்கி சில வாரம் ஆன கன்று, வால் பின்புறமெல்லாம் பச்சைக் கழிச்சல் ஒட்டி உலர்ந்திருக்கிறது: இங்கேதான் உருண்டைப் புழு நேர்ப் பொருத்தம். மருந்தும் வேண்டும், புல்லை மாற்றவும் வேண்டும்.

வளர்ந்த பசுவின் கழிச்சலுக்கு உருண்டைப் புழு அரிது. வளரும் காலத்தில் மேய்ந்து பழகிய மாட்டுக்கு உடலே பெரும்பாலும் தடுத்துக்கொள்ளும். தவிடு, தானியம் திடீரென்று கூடியதா, முதல் மழைக்குப் பின் முளைத்த இளம் புல்லை மட்டும் தின்றதா என்று பாருங்கள். வாரக் கணக்கில் தண்ணீராகக் கழிந்து, பசி குறையாமலே எலும்பாகும் மாட்டுக்குச் சாணச் சோதனையோடு, ஜோன்ஸ் என்ற நாட்பட்ட குடல் நோய்க்கான சோதனையும் கேளுங்கள். அதற்கு மருந்து இல்லை. அந்த மாட்டின் சாணமும் பாலும் கன்றுகளுக்குச் சேரக் கூடாது.

சாணத்தில் அரிசி மணி போலவோ, தட்டை நாடாத் துண்டாகவோ தெரிவது நாடாப் புழு. பார்க்கப் பயமாக இருக்கும், செய்யும் கெடுதல் குறைவு. உருண்டைப் புழுவுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோலிலேயே அதுவும் போகும்.

இருமல்

மூடுபனி இறங்கும் உயரங்களில் இதை அலட்சியம் செய்ய வேண்டாம். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவைச் சுற்றிய குளிரும் ஈரமும் நுரையீரல் புழுவுக்கு மிகப் பிடித்த சூழல். முதல் முறை மேய்ச்சலுக்கு விட்ட கன்று, மூன்று நான்கு வாரத்தில் வறட்டு இருமல் பிடித்து, ஏற்றத்தில் நடத்தினால் நின்று நின்று இருமும். கழுத்தை நீட்டி, நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கினால் நிலைமை முற்றிவிட்டது. இந்தப் புழுவின் சாணச் சோதனையில் தேட வேண்டியது முட்டை அல்ல, குடம்பி. சாணம் அனுப்பும்போது "இருமல்" என்று எழுதாவிட்டால் முட்டையை மட்டும் தேடிவிட்டு "புழு இல்லை" என்று பதில் வரக்கூடும். ஃபென்பெண்டசோல், லெவாமிசோல், கறவையில் இல்லாத இளம் மாட்டுக்கு ஐவர்மெக்டின் ஆகியவை வேலை செய்யும். மருந்துக்குப் பின் ஓரிரு நாள் இருமல் கூடலாம். செத்த புழு மூச்சுக் குழாயிலிருந்து வெளியேற வேண்டுமே. அதைக் கண்டு இரண்டாம் தடவை மருந்து கொடுத்துவிடாதீர்கள்.

மருந்து பருக்கிய மறுநாள் தொடங்கிய இருமல் வேறு. மருந்து மூச்சுக் குழாயில் போயிருக்கிறது, காய்ச்சல் வருமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஓடையில் நீர் குடிக்கும் மாடு ஒரு பக்க மூக்கில் இரத்தம் கசிந்து, தும்மி, தலையை உதறினால் மூக்கில் அட்டை ஏறியிருக்கலாம். மாட்டைச் சில மணி நேரம் தாகத்தில் வைத்து, வாளியில் தெளிந்த நீரை மூக்கருகே பிடித்தால் அட்டை நீரை நாடித் தலை நீட்டும். துணியால் பிடித்து மெல்ல இழுத்துவிடலாம்.

மெலிவு, பால் குறைவு, வேறொன்றும் தெரியவில்லை

இந்த அறிகுறிக்குப் புழு மருந்து கொடுப்பதுதான் பணத்துக்கு மிகப் பெரிய வீண். இமை சிவப்பாக, சாணம் நன்றாக இருந்தால் தீனியையும் தண்ணீரையும் எண்ணுங்கள். கறக்கும் பசுவுக்கு உடல் பராமரிப்புக்கு வேண்டியது போக, ஒவ்வொரு லீற்றர் பாலுக்கும் சில லீற்றர் தண்ணீர் வேண்டும். தோள் வலிக்கக் குழாயடியிலிருந்து சுமக்கும் வீடுகளில் முதலில் குறைவது அதுதான். கொட்டிலில் கட்டி, உயரமான புல்லை அறுத்துப் போடும் வளர்ந்த பசுவுக்குப் புழுப் பாரம் பொதுவாகக் குறைவு. விதிவிலக்கு முதல் ஈற்றுக் கிடேரி. வளர்ச்சி, சினை, பால் மூன்றும் ஒன்றாக இழுக்கும்போது அதன் தடுப்புச் சக்தி தளரும். கன்று ஈனும் நாட்களை ஒட்டி அதன் சாணத்தைச் சோதித்துவிடுவது நல்லது.

மருந்து கொடுத்தும் மாற்றமில்லை

மருந்தைப் பழிக்குமுன் போத்தலைக் கையில் எடுத்து சதவீதத்தைப் படியுங்கள். அல்பெண்டசோல் 2.5 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிலீற்றரில் 25 மில்லிகிராம். 10 சதவீதத்தில் 100 மில்லிகிராம். மேலே அளந்த 284 கிலோ மாட்டுக்கு, கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்ற கணக்கில் 2,130 மில்லிகிராம் வேண்டும். அது 2.5 சதவீதத்தில் 85 மில்லிலீற்றர், 10 சதவீதத்தில் 21 மில்லிலீற்றர். போன தடவை 10 சதவீதப் போத்தல், இந்தத் தடவை கடையில் 2.5 மட்டும் இருந்தது, பழக்கத்தில் அதே 21 மில்லிலீற்றர் கொடுத்தாயிற்று என்றால் மாட்டுக்குக் கிடைத்தது கால் பங்கு. பலவீனமான புழு செத்து, தாங்கக்கூடிய புழு மிஞ்சி, அதன் வாரிசுகள்தான் இனி உங்கள் புல்லில். எதிர்மாறாக 10 சதவீதத்தை 85 மில்லிலீற்றர் கொடுத்தால் நான்கு மடங்கு.

ஐவர்மெக்டின் 1 சதவீத ஊசி தோலுக்கடியில் 50 கிலோவுக்கு 1 மில்லிலீற்றர். பால் விற்கும் பசுவுக்கு இது வேண்டாம், மருந்து பாலில் நெடுநாள் வரும். எந்த மருந்தானாலும் பால் ஒதுக்க வேண்டிய நாள் லேபலில் இருக்கும். அந்த நாள் முடியும் வரை பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்காதீர்கள், வீட்டுத் தேநீருக்கும் எடுக்காதீர்கள். லேபலில் கறவை மாட்டைப் பற்றி ஒன்றும் இல்லையென்றால் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. சினை ஊசி போட்டு 45 நாள் ஆகாத மாட்டுக்கு அல்பெண்டசோல் கூடாது, கருவைக் கெடுக்கும். சினை பிடித்ததா என்று தெரியாத நாட்களும் அதில் அடக்கம். அந்த நிலையில் ஃபென்பெண்டசோல் பாதுகாப்பானது.

பிறகு பருக்கிய விதம். போத்தலை நன்றாகக் குலுக்கினீர்களா? கரைசலில் மருந்து அடியில் தங்கும், குலுக்காவிட்டால் முதல் மாட்டுக்கு வெறும் தண்ணீரும் கடைசி மாட்டுக்கு முழு மருந்தும் போகும். கண்ணாடிப் போத்தல் வேண்டாம், கடித்து உடைக்கும். கழுத்து நீண்ட பிளாஸ்டிக் போத்தலை, பல் இல்லாத வாய் ஓரத்து இடைவெளியால் நுழைத்து, நாக்கின் பின் பகுதியில் சிறிது சிறிதாக விடுங்கள். மூக்கு கண் மட்டத்துக்கு மேலே போகும்படி தலையைத் தூக்காதீர்கள், நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்காதீர்கள், இரண்டும் மருந்தை மூச்சுக் குழாய்க்கு அனுப்பும் வழி. இருமினால் உடனே தலையைத் தாழ விடுங்கள். பாதி வழிந்து நெஞ்சில் ஓடியிருந்தால், அது கொடுத்த மருந்து அல்ல.

அளவும் சரி, பருக்கியதும் சரி என்றால் அப்போதுதான் புழு மருந்துக்குப் பழகிவிட்டதா என்று சோதிக்கலாம். மருந்து கொடுக்கும் அன்று காலை சாணம் அனுப்புங்கள், 14 ஆம் நாள் அதே மாட்டின் சாணத்தை மறுபடி அனுப்புங்கள். முதலில் ஒரு கிராமுக்கு 600 முட்டை இருந்தால், நன்றாக வேலை செய்த மருந்துக்குப் பின் 30க்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது 95 சதவீதமாவது குறைய வேண்டும். ஒரு மாட்டை வைத்து முடிவு கட்ட முடியாது. லயத்தில் நாலைந்து வீட்டார் சேர்ந்து, ஒரே மருந்தை ஒரே நாளில் எட்டுப் பத்துக் கன்றுகளுக்குக் கொடுத்துச் சோதித்தால் உருப்படியான பதில் கிடைக்கும். பழகிவிட்டது என்று தெரிந்தால் வேறு பெயர் போத்தலுக்கு அல்ல, வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே வகை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது மாற்றமே அல்ல. லெவாமிசோல் ஒரு வகை, ஐவர்மெக்டின் இன்னொரு வகை.

ஒரு மாதம் நன்றாக இருந்து மறுபடி

மருந்து வேலை செய்திருக்கிறது, புல் தோற்றிருக்கிறது. மூன்று நான்கு வாரம் என்பது புதிதாகத் தின்ற குடம்பி முட்டை இடும் புழுவாக வளரும் காலம். கணக்கு அப்படியே பொருந்தும்.

கொட்டிலை விட்டு வெளியே வந்து சரிவைப் பாருங்கள். சாணக் குவியல் எங்கே, புல் பாத்தி எங்கே? மலையகக் கொட்டில்களில் குவியல் கொட்டிலை ஒட்டியும், புல் அதற்குக் கீழே கான் ஓரத்திலும் இருப்பது வழக்கம். கீழே சாணத் தண்ணீர் ஓடினால் புல் செழிக்கும் என்பதுதான் அதற்குக் காரணம். ஒவ்வொரு மழையும் குவியலின் விளிம்பிலிருந்து குடம்பியைக் கழுவி அந்தப் புல்லின் அடியில் சேர்க்கிறது. குவியலுக்கு மேற்புறம் ஒரு சிறு கான் வெட்டி மழைநீரைத் திருப்புங்கள். குவியலின் கீழ்ப்புறம் கசியும் நீரைக் குழியில் தேக்குங்கள். முடிந்தால் புல் மேலே, குவியல் கீழே என்று இடம் மாற்றுங்கள்.

குவியலை ஒன்றரை மீற்றர் அகலமும் உயரமுமாகச் சேர்த்து, காய்ந்த புல்லோ கவ்வாத்துக் குப்பையோ கலந்து, மேலே பொலித்தீன் போர்த்துங்கள். உள்ளே சூடு ஏறினால்தான் முட்டையும் குடம்பியும் சாகும். ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவரை செருகி, பத்து நிமிடம் விட்டு உருவி, உள்ளங்கையில் பிடியுங்கள். தாங்க முடியாமல் விட்டால் சூடு சரி. வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் மிக ஈரம் அல்லது மிகச் சிறிய குவியல். விளிம்பு எப்போதும் குளிர்ந்தே இருக்கும் என்பதால் இரண்டு வாரத்துக்கொருமுறை வெளிப்புறத்தை உட்புறமாகப் புரட்டுங்கள். அறுத்த கையோடு புல் கட்டைக்குப் பச்சைச் சாணக் கரைசல் ஊற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அடுத்த அறுவடை 35 முதல் 45 நாளில் வரும்போது, அந்தச் சாணத்தின் குடம்பிகள் புல் ஏறத் தயாராக இருக்கும். அந்தக் கரைசலை மரக்கறிப் பாத்திப் பக்கம் திருப்பி, புல்லுக்கு மக்கிய சாணத்தைப் போடுங்கள்.

அறுக்கும் உயரம் அடுத்தது. குடம்பி பெரும்பாலும் புல்லின் அடி ஐந்து ஆறு சென்றிமீற்றருக்குள் இருக்கும். சிஓ-3, கினிப் புல் போன்றவற்றை நிலத்திலிருந்து 15 சென்றிமீற்றர் விட்டு அறுத்தால் பெரும்பாலானவை கீழேயே நின்றுவிடும், புல்லும் வேகமாகத் துளிர்க்கும். அபாயம் வீதி ஓரம், மைதான ஓரத்துக் குட்டைப் புல்லில். ஊர் மாடெல்லாம் மேய்ந்து சாணம் போட்ட இடத்தை அடியோடு சுரண்டி அறுத்துக் கட்டுகிறோம். பனி நீர் படலத்தில் குடம்பி மேலே ஏறும் என்பதால் பனி உலர்ந்த பிறகு அறுப்பது நல்லது. பனி உலராத மாதங்களில் கூரைக்குக் கீழ் மெல்லியதாகப் பரப்பி வாட விடலாம், ஆனால் குடம்பி உலர்வைத் தாங்கும் வகை, அது முழுக் காவல் அல்ல. கன்றுக்கு மட்டுமாவது உயரப் புல்லைக் கொடுங்கள், குட்டைப் புல்லை வளர்ந்த பசு தின்னட்டும்.

கயிற்றில் கட்டி மேய்ப்பவர்கள் முளையைச் சுற்றிய வட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். சாணம் விழுந்த இடத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குப் புல் கரும்பச்சையாக, உயரமாக, தீண்டப்படாமல் நிற்கும். மாடு தானாகவே அதை ஒதுக்கும். கயிறு குட்டையாக இருந்து, முளை இரண்டு மூன்று நாள் மாறாமல் இருந்தால், வேறு புல் இல்லாமல் அந்தக் கரும்பச்சையையும் தின்னும். குடம்பி மிக அடர்ந்து இருப்பது அங்கேதான். அந்தப் புல் கடிபட்டிருப்பதைக் கண்டால் முளையை மாற்றப் பிந்திவிட்டது என்று அர்த்தம். தினமும் முளையை மாற்றுங்கள், கன்றைத் தாய் நேற்று மேய்ந்த வட்டத்தில் கட்டாதீர்கள். வரிசை எப்போதும் கன்று முதலில், பசு பின்னால்.

கீழ்நாட்டு அறிவுரைப்படி நான்கு வாரம் ஓய்வு கொடுத்துத் திரும்பி வருவது இங்கே உதவாது. சூடான ஈர நிலத்தில் முட்டை ஒரு வாரத்தில் குடம்பியாகி, உடலில் சேர்த்து வைத்த சக்தி தீர்ந்து சில வாரத்தில் சாகிறது. குளிரில் முட்டை குடம்பியாவதற்கே இரண்டு மூன்று வாரம் எடுக்கும், பிறகு மாதக் கணக்கில் நிற்கும். நான்காம் வாரம் திரும்பி வந்தால் மிக மோசமான நேரத்தில் வருகிறீர்கள். கன்றுக்கான துண்டை மூன்று மாதமாவது மேயாமல் விட்டு, இடையில் ஒரு தடவை அறுத்து வளர்ந்த மாட்டுக்குப் போடுங்கள். ஆட்டை விட்டுச் "சுத்தம்" செய்யலாம் என்று நினைக்க வேண்டாம், ஹீமொன்கஸ் ஆட்டிலும் மாட்டிலும் மாறி மாறித் தங்கும்.

எப்போது, யாருக்கு

கொட்டில் முழுவதற்கும் மூன்று மாதத்துக்கொருமுறை மருந்து என்ற கணக்கை விட்டுவிடுங்கள். எல்லா மாட்டுக்கும் கொடுத்தால், மிஞ்சும் புழு எல்லாமே மருந்து தாங்கிய புழு. இமை சிவந்து, மெலியாமல் இருக்கும் வளர்ந்த பசுவை விட்டுவையுங்கள். அதன் சாணத்தில் வரும் மருந்து படாத புழு, பழகிய புழுவோடு கலந்து மருந்தின் வலுவைக் காக்கும். கவனம் முழுக்க முதல் மழைக் காலத்தைச் சந்திக்கும் கன்றுக்கும் கிடேரிக்கும் போகட்டும். ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. மழை தொடங்கிய நான்கைந்து வாரத்தில் கன்றுகளின் சாணத்தைச் சோதித்து ஒரு தடவை மருந்து, தேவையென்று தெரிந்தால் மழை நடுவில் இன்னொரு தடவை. பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும் என்பதால் அதே கணக்கை அங்கே நவம்பருக்கு நகர்த்துங்கள். இமைச் சோதனை மட்டும் மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கொருமுறை.

புதிதாக வாங்கி வரும் மாட்டை நேராகப் புல்லுக்கு விடாதீர்கள். வந்த அன்று நிறை அளந்து, சாணம் எடுத்து, மருந்து கொடுத்து, இரண்டு முழு நாள் தனிக் கொட்டிலில் கட்டுங்கள். அந்த இரண்டு நாள் சாணத்தைத் தனியாக அள்ளி, சூடேறிய குவியலின் நடுவில் புதையுங்கள். 14 ஆம் நாள் மறுபடி சாணம் அனுப்புங்கள். விற்றவர் "போன வாரம்தான் பூச்சிக் குளிசை கொடுத்தேன்" என்று சொன்னாலும் இதில் ஒன்றையும் விடாதீர்கள். எந்தக் குளிசை, எத்தனை கிலோவுக்கு என்று அவருக்கும் தெரிந்திருக்காது.